எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு வந்த டாக்டர்

பெருங்கடவிளையில் வாடகைக்குக் குடியிருக்கும் கொத்தனார் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேக்குக் காத்திருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சாமர்வெல்னு போட்டிருக்கே, அது ஊர்ப் பேரா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு வெள்ளைக்கார டாக்டர்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயர். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு தேடிப் படித்தேன்.

தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் 1890ல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். செருப்பு, பூட்ஸ் தயாரிக்கும் வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து அறுவைச் சிகிச்சை நிபுணரானார். முதல் உலகப் போரில், 1916ல் பிரான்சில் சோம் போர்முனைக்குப் பின்னால் ராணுவ டாக்டராக இருந்தார். காயம்பட்ட சிப்பாய்கள் திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கிடக்க, யாரை முதலில் மேஜைக்குத் தூக்குவது என்று அவர்கள் நடுவே நடந்து நடந்து தீர்மானிக்க வேண்டியிருந்ததாம். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு ஷெர்பாக்கள்

மலையேறுவதில் அவருக்குத் தீராத ஆசை. 1922ல் எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. மே மாதத்தில் மல்லரி, நார்ட்டன் ஆகியோருடன் ஆக்சிஜன் இல்லாமல் கிட்டத்தட்ட 27 ஆயிரம் அடி வரை ஏறினார். அதற்கு முன் மனிதர் யாரும் அந்த உயரத்துக்கு ஏறியதில்லை. ஆனால் ஜூன் 7ந் தேதி பனிச் சரிவில் சிக்கி, சுமை தூக்கி வந்த ஷெர்பாக்கள் ஏழு பேர் மாண்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை. நம்மில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று பின்னாளில் மனம் நொந்து எழுதினார் சாமர்வெல்.

ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், தெற்கே நெய்யூர் வரை வந்தார். அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். நெய்யாற்றின்கரைக்கும் நெய்யூருக்கும் நடுவே இன்றிருக்கும் எல்லை 1956ல் போட்டது. அன்று இந்தப் பக்கத்து நோயாளிகளுக்கு நெய்யூர் வேற்று மாநிலம் அல்ல. 1838ல் டாக்டர் ராம்சே என்பவர் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் அங்கே தொடங்கிய மருத்துவப் பணி, பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்திருந்தது.

அங்கே அறுவைச் சிகிச்சைக்கு ஒரே ஒரு டாக்டர்தான். வெளியே நீண்ட வரிசை. ஒரு மனிதரால் எவ்வளவு செய்ய முடியும்? சுற்றிப் பார்க்க வந்த சாமர்வெல் உடனே கைகொடுக்க முன்வந்தார். பிரான்சில் பார்த்த வரிசை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இங்கிலாந்து திரும்பியதும் லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு, மிஷன் டாக்டராக நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

ஒப்புக்கொடுத்தல்

"ஆண்டவரே, என்னை உம் கையில் தருகிறேன், எடுத்துப் பயன்படுத்தும்" என்று நம் சபைகளில் ஜெபிக்காதவர் யார்? நானும் ஜெபித்திருக்கிறேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படி ஜெபிக்கும்போது, எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் நானே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருப்பேன். மேடை, மைக், கூட்டம்! டிக்கெட் கவுண்டருக்கு வெளியே நிற்கிற வரிசைக்கு என்னை அனுப்பும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வரிசையோ தினமும் என் முன்னால்தான் நிற்கிறது. சில்லறை இல்லை என்று வாயாடுவேன். இந்தியும் வங்காளமும் பேசும் கூலிக்காரப் பையன் ஊர்ப் பெயரைச் சொல்லத் திணறினால் "அடுத்த ஆள்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை கை கூப்பி நின்றவனும் நான்தான்.

சாமர்வெல் மலையாசையைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1924ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். 28 ஆயிரம் அடி அளவில் மூச்சுத் திணறி நின்றுவிட்டார்; நார்ட்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போனார். இறங்கும்போது தொண்டைக்குள் பனியால் வெந்த சதை பிய்ந்து அடைத்துக்கொண்டது. சாகப் போகிறோம் என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது, உயிர் தங்கியது. சில நாளில் மல்லரி தம் கடைசி ஏற்றத்துக்குப் போனபோது கொண்டுபோனது சாமர்வெல்லின் காமிராவைத்தான். 1999ல் மல்லரியின் உடல் கிடைத்தது. காமிரா கிடைக்கவில்லை.

பிழைத்தவர் திரும்பி வந்தது நெய்யூருக்கு. வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன், வெற்றிலை புகையிலையால் வாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு ரேடியம் சிகிச்சை, தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் என்று ஆண்டுகள் ஓடின. பத்திரிகைகள் எழுதுவது அந்த இரண்டு மலையேற்றங்களை. எனக்கு அதிசயமாகப் படுவது இந்த ஆண்டுகள்தான். கொடியும் இல்லை, புகைப்படமும் இல்லை. இன்றைய வரிசை முடிந்தால் நாளைக்கு வேறொரு வரிசை. முதல் நாள் ஒரு வேகத்தில் யாரும் தன்னை ஒப்புக்கொடுத்துவிடலாம். பதினைந்தாவது வருஷத்தில், ஒரு புழுக்கமான மத்தியானத்தில், மறுபடியும் கொடுப்பது அப்படி அல்ல.

1949 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, 1961ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1975ல் காலமானார். தென் கேரளத் திருமண்டலம் பெருங்கடவிளை பிளாக்கைச் சேர்ந்த காரக்கோணத்தில் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தது.

கொத்தனாரிடம் இவ்வளவையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டவர், ஒன்றுதான் கேட்டார்: "அந்த ஒத்த டாக்டர் இருந்தாரே, இவரு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் தூங்க முடிஞ்சிருக்கும், இல்லையா அண்ணாச்சி?"