சேரிப் பள்ளிக்கு யார் பொறுப்பு? கடலூர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு சட்டப் பார்வை

ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, இந்து சமய அறநிலையத்துறை, வனத்துறை ஆகியவை நடத்தும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் மீது நடந்த சாதிவெறித் தாக்குதலையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழுவும், 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து தலித் இயக்கங்களுக்குள் இரு குரல்கள் ஒலிக்கின்றன. சாதியின் பெயரால் தனிப்பள்ளி எதற்கு என்பது ஒன்று. நமக்கென்று இருப்பதையும் இழக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இன்று இப்பள்ளிகள் எப்படி ஆளப்படுகின்றன என்பதை அறியாமல் இவ்விவாதத்தை நடத்த இயலாது.

அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' எனப்படும் ஓர் அமைப்பு. பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு அதற்குத் தலைமை வகிக்கும். சொத்துவரியில் ஒரு பங்கு அதற்குச் சேரும். கண்காணிப்பாளரை அதுவே அமர்த்தும். பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு மோசமான பள்ளி என்ற அநீதியை அம்முறை வளர்த்தது உண்மை. எனினும், பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற ஐயம் அங்கே பெற்றோருக்கு எழுவதில்லை. நம் ஊர்களில் முதல் சிக்கலே அதுதான்.

நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில், கரும்பு வயல்கள் சூழ்ந்த மேல்பட்டாம்பாக்கம் பகுதியை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு; கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29.3 விழுக்காடு. இத்தகைய பகுதிகளில் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே பள்ளிகளுக்கு வெவ்வேறு நிர்வாகங்கள் இருக்கக்கூடும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் ஒரு வகை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அடுத்த வகை. திருச்சபைகளும் தனியாரும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் உண்டு. சேரிகளை ஒட்டி ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உண்டு. ஊருக்கு அண்மையில் இருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமான பேரூராட்சிக்கோ, சிற்றூராட்சிக்கோ இவற்றின் ஆசிரியர் நியமனத்தில் எந்தப் பங்கும் இல்லை.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் பெயரில் ஒன்றியம் இருப்பதற்குக் காரணம் வரலாறு. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஒன்றியங்களை உருவாக்கி, தொடக்கக் கல்வியை அவற்றின் பொறுப்பில் வைத்தது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். அன்றுமுதல் ஆசிரியர் கல்வித்துறையைச் சேர்ந்தவர். கட்டடமோ ஒன்றியத்தைச் சார்ந்தது. ஆசிரியர் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். கூரை ஒழுகினால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். இரு அலுவலகங்களுக்கும் இடையில் கடிதங்கள் பயணம் செய்துகொண்டிருக்க, மழைக்காலம் முடிந்துவிடும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் இன்னும் பழையது. ஊர்ப் பள்ளிகள் தலித் குழந்தைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1920களில், சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. 1949இல் அப்பணி அரிசன நலத்துறைக்கு மாறியது; அத்துறையே இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை. அரசுக்கு முன்பே இதைத் தொடங்கியவர்களும் இம்மண்ணில் உண்டு. சபைக்குள் சாதி வேறுபாட்டை அனுமதித்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய கார்ல் ஒக்ஸ், 1860களின் தொடக்கத்தில் தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டது இந்த மேல்பட்டாம்பாக்கத்தைத்தான். பின்னர் டேனிஷ் மிஷனாகவும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாகவும் வளர்ந்தது அம்முயற்சியே. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். காட்டுமன்னார்கோயில் பகுதியில் மாணவராக இருந்தபோது தீண்டாமையின் தனிப்பானையை உடைத்தவர் என அறியப்படும் எல். இளையபெருமாள், பின்னாளில் தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமையேற்று 1969இல் அறிக்கை அளித்தார். தனிப்பள்ளி நாம் கேட்டுப் பெற்ற சலுகையன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறோம். பொதுப்பள்ளி கதவடைத்ததால் கட்டப்பட்டது அது.

மாநிலம் முழுவதும் இத்தகைய பள்ளிகள் 1,138 எனத் துறையின் கொள்கைவிளக்கக் குறிப்புகள் கணக்குக் காட்டியுள்ளன: 833 தொடக்கப் பள்ளிகள், 99 நடுநிலை, 108 உயர்நிலை, 98 மேல்நிலை. இவற்றின் நிர்வாகம் எங்கே இருக்கிறது என்பதே நம் கவனத்துக்குரியது. தலைமையாசிரியருக்கு மேலே தனி வட்டாட்சியர்; அவருக்கு மேலே மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர். இருவரும் பொதுவாக வருவாய்த் துறையிலிருந்து வருபவர்கள். நில எடுப்பு, வீட்டுமனைப் பட்டா, விடுதி, நலத்திட்டம் ஆகியவற்றுக்கு நடுவே பள்ளியையும் பார்க்க வேண்டியவர்கள். நான்காம் வகுப்புக் குழந்தை ஏன் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறது என்று ஆராய்வது அவர்கள் பெற்ற பயிற்சியில் இல்லை. பாடத்திட்டமும் தேர்வும் ஆசிரியர் பயிற்சியும் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கின்றன. அத்துறையின் முதன்மைக் கல்வி அலுவலருக்கு இந்த ஆசிரியர்கள்மீது முழு அதிகாரம் இல்லை. கற்பித்தலுக்கு ஒரு மேலாளர், ஊதியத்துக்கு இன்னொருவர் என்றால் இருவருமே தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. எந்தத் துறை நடத்தினாலும் அரசுப் பள்ளி அதற்குக் கட்டுப்பட்டது. (சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என உச்சநீதிமன்றம் பிரமதி வழக்கில் 2014இல் தீர்ப்பளித்தது. எனவே திருச்சபைப் பள்ளிகளிடம் இதைக் காட்டி வாதாடுவது கடினம்.) அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது பிரிவு 26. இதன் பொருளைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஓர் இடம் காலியானால் அது ஐம்பது விழுக்காடு. ஆக, பத்துக்கும் குறைவான பணியிடங்கள் உள்ள எந்தப் பள்ளியிலும் ஒரு காலியிடம்கூட இருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நம் சேரிகளின் தொடக்கப் பள்ளிகள் அநேகமாக எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை.

காலியிடத்தைக் காகிதத்தில் மறைக்கும் வழி மாற்றுப்பணி. ஆசிரியரின் பெயரும் ஊதியமும் ஒரு பள்ளியில் இருக்கும். ஆள் வேறொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ இருப்பார். பிரிவு 25 இதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது பிரிவு 27. ஆசிரியர் வருகைப் பதிவேட்டையும் ஊதியப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பள்ளியின் செயல்திறனை அளக்க இன்று பெரிதும் பேசப்படுவது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு. அது முக்கியம்தான். ஆனால் தேர்வு எழுதியவர்களுள் எத்தனைபேர் தேறினர் என்று மட்டுமே அது சொல்லும். ஒன்பதாம் வகுப்பில் நின்று கரும்பு வெட்டப்போன சிறுவனும், பூப்பெய்தியபின் பள்ளிக்கு வராத சிறுமியும் அந்தக் கணக்கில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் எத்தனைபேர் பத்தாண்டுகள் கழித்துத் தேர்வு எழுதினர் என்று கேட்பதே சரியான கேள்வி. ஊர்ப் பள்ளி, சேரிப் பள்ளி என்று பிரித்து அதைக் கேட்க வேண்டும்.

இனி இணைப்புக்கு வருவோம். நிர்வாகம் ஒன்றாவது கற்பித்தலுக்கு நல்லது என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் மூன்று பொருள்கள் குறித்து எழுத்துபூர்வமான உறுதி இல்லாமல் அதை ஏற்க இயலாது.

முதலாவது ஆசிரியர் பணியிடம். இப்பள்ளிகள் தலித் பட்டதாரிகளுக்கு, குறிப்பாக முதல் தலைமுறைப் பெண்களுக்கு, அரசுப் பணியின் வாசலாக இருந்துவந்துள்ளன. பணிப்பயன்கள் பாதுகாக்கப்படும் என்ற அறிவிப்பு இன்று பணியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும்; அவர்கள் ஓய்வுபெற்றபின் அந்த இடங்கள் என்னாகும் என்பதற்கு அதில் விடை இல்லை. அமெரிக்காவில் 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு நிறவெறித் தனிப்பள்ளிகளைச் சட்டவிரோதம் ஆக்கியது. மகத்தான தீர்ப்பு. ஆனால் தென்மாநிலங்களில் இணைப்பு நடந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். வேலை இழந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். 1965 வரை சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. வெள்ளையர் பள்ளிக்குள் கறுப்பினக் குழந்தை நுழைந்தது. அதன் ஆசிரியர் வெளியே நின்றார்.

இரண்டாவது நிலம். இத்துறையின் திட்டங்களுக்கான நிலங்களில் கணிசமானவை 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரிசன நலத்திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்டவை. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று நாளை ஒரு பள்ளி மூடப்பட்டால், அந்த நிலம் யாருக்கு? எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டதோ அதற்கே அது உரியது என அரசாணையில் எழுதப்பட வேண்டும். பஞ்சமி நிலங்கள் கைமாறிய கதையை அறிந்த நமக்கு வாய்மொழி உறுதி போதாது.

மூன்றாவது நிதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டம் இயற்றியது. துறை மாறியபின் இப்பள்ளிகளின் செலவு பொதுக்கணக்கில் கரைந்துவிடாமல், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு சென்றது எனத் தனித்தலைப்பில் காட்டப்பட வேண்டும்.

இணைப்பு எப்போது நடந்தாலும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கருவி நம் கையில் இருக்கிறது. பிரிவு 21 கூறும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம் வேண்டும். இக்குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு நிதிக்கு அடிப்படை என்கிறது பிரிவு 22. நடைமுறையில் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காக வீடு தேடிவரும். கூலிவேலை முடித்து வந்த தாய் படிக்காமலே ஒப்பமிடுவார். சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள். கூட்டத்துக்கு முன் அந்தத் தாயோடு அமர்ந்து, தீர்மானத்தைப் படித்துக்காட்டி, அவருடைய கோரிக்கையை அதில் எழுதவைப்பது ஒரு மாலைநேர வேலை.

அடுத்தது தகவல் பெறும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, மாற்றுப்பணி ஆணைகள், கடந்த மூன்றாண்டுத் தீர்மான நகல்கள் ஆகியவற்றைக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை இணைத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன்கீழ் எழுத்துமூலம் முறையிட்டால், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகலை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரே நாளில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பிவிட வேண்டும். இது எங்கள் பொறுப்பன்று என ஓர் அலுவலகம் எழுதித் தந்தால் அதையும் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். மேல்முறையீட்டில் இணைக்க உதவும்.