பஞ்சரைத் தாங்கும் சைக்கிள் டயர்: ஏழைத் தொழிலாளியின் கணக்கு

கொச்சி: நறுமணப் பொருள் கிடங்குகளும் சரக்கு லாரிகளும் நிறைந்த மட்டாஞ்சேரியில், சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு ஒரு பஞ்சர் என்பது அன்றைய கூலியையே பாதிக்கும் செய்தியாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 44.8 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது.

பஞ்சரைத் தடுக்கும் டயர்களில், தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில் அராமிட் இழைப் பட்டையோ, தடித்த ரப்பர் அடுக்கோ வைக்கப்படுகிறது. இழைப் பட்டை எடையை அதிகம் கூட்டுவதில்லை. கண்ணாடிச் சில்லுகளைத் தடுக்கும். தடித்த அடுக்கு கூடுதல் பாதுகாப்புத் தரும். ஆனால் கனமானது, மிதிக்கவும் அதிக உழைப்பு வேண்டும். நீண்ட ஆணியை முற்றிலும் தடுக்கும் காற்றடைத்த டயர் எதுவும் இல்லை.

காற்றழுத்தமும் முக்கியமானது. காற்று குறைந்தால், மழைநீர் மறைத்த குழியில் சக்கரம் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரு இடங்களில் துளை விழும். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள அளவுக்கேற்பக் காற்று நிரப்புவதும், ரிம்முக்குப் பொருந்தும் சற்று அகலமான டயரைத் தேர்வதும் இதனைக் குறைக்கும். தினமும் சரக்கு ஏற்றிச் செல்பவருக்குத் தடித்த அடுக்கும், நெடுந்தூரம் செல்பவருக்கு இழைப் பட்டையும் ஏற்றவை.

நாட்டில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது கேரளமே. சைக்கிள் மீதான ஜிஎஸ்டி வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் வரிக்குறைப்பு சாலைக் குழிகளை மூடிவிடாது. டயரைத் தேர்வது தொழிலாளியின் பொறுப்பு எனில், சாலையைச் சீராக வைப்பது ஆட்சியாளர்களின் கடமையாகும்.