ஆன்ட்ரூ மைனார்ஸ்கி

ஆன்ட்ரூ சார்லஸ் மைனார்ஸ்கி (அக்டோபர் 14, 1916 – ஜூன் 13, 1944) இரண்டாம் உலகப் போரில் கனடிய அரச வான்படையில் பணியாற்றிய துப்பாக்கி வீரர் ஆவார். எரியும் குண்டுவீச்சு வானூர்தியில் சிக்கிய சக வீரரைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். இதற்காக அவருக்கு 1946 இல் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

வாழ்க்கை

மைனார்ஸ்கி கனடாவின் வினிப்பெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். 1941 இல் வான்படையில் சேர்ந்தார். 1944 இல், இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்திலிருந்து இயங்கிய 419 ஆவது படையணியில் பணியாற்றினார்.

வானூர்தியும் குழுவும்

லங்காஸ்டர் நான்கு பொறிகள் கொண்ட குண்டுவீச்சு வானூர்தி. இதில் பொதுவாக எழுவர் பறப்பர். மைனார்ஸ்கி மேற்புறக் கூண்டிலும், அவரது நண்பர் பாட் புரோபி வால்புறக் கூண்டிலும் துப்பாக்கி வீரர்களாக இருந்தனர். வால்புறக் கூண்டு பொறியின் விசையால் பெறப்படும் நீரியல் அழுத்தத்தால் சுழல்வது. அது நேராகத் திரும்பியிருந்தால் மட்டுமே உள்ளிருப்பவர் வானூர்தியின் உடற்பகுதிக்குள் வர இயலும்.

இறுதிப் பறப்பு

1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் கம்ப்ரே நகரத் தொடருந்து நிலையத்தைத் தாக்கச் சென்ற இவர்களது வானூர்தியை செருமானியப் போர் வானூர்தி ஒன்று சுட்டது. இடப்புறப் பொறிகள் இரண்டும் செயலிழந்தன, தீ பரவியது. வானோடி அனைவரையும் குதிக்குமாறு பணித்தார். அழுத்தம் அற்றுப்போனதால் புரோபியின் கூண்டு திரும்பாமல் நின்றுவிட்டது.

வெளியேறும் வாயிலை அடைந்த மைனார்ஸ்கி இதைக் கண்டு, தீயினூடாக வால்பகுதிக்குச் சென்றார். அவரது உடையும் வான்குடையும் தீப்பற்றின. கூண்டை அசைக்க இயலவில்லை. தன்னை விட்டுச் செல்லுமாறு புரோபி சைகை காட்டினார். வாயிலுக்குத் திரும்பிய மைனார்ஸ்கி, புரோபியை நோக்கி நிமிர்ந்து நின்று வணக்கம் செலுத்திவிட்டுக் குதித்தார். நிலத்தை அடைந்த பின்னர் தீக்காயங்களால் இறந்தார்.

வானூர்தி தரையில் மோதியபோது புரோபி வெளியே வீசப்பட்டு உயிர் தப்பினார். குழுவில் மைனார்ஸ்கி ஒருவரே உயிரிழந்தார். அவரது செயலை நேரில் கண்டவர் புரோபி மட்டுமே. அவர் பிழைத்ததனாலேயே அது வெளியுலகிற்குத் தெரியவந்தது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். எவரும் உயிர் தப்பாத வானூர்திகளில் நிகழ்ந்த இத்தகைய செயல்களை எடுத்துரைக்கச் சாட்சிகள் இல்லை.

நினைவுச் சின்னங்கள்

மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சின் மெகாரிகூர் ஊரில் உள்ளது. கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகம் சீரமைத்து 1988 இல் மீண்டும் பறக்கவிட்ட லங்காஸ்டர் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. அவர் பணியாற்றிய தளத்தில் 2005 இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.