மீந்த பன்னும் இழந்த ரொட்டியும்

செவ்வாய்க்கிழமை மாலையில் புனித அந்தோணியார் நவநாள் நடைபெறும் பங்குகளில், வழிபாட்டின் முடிவில் மந்திரித்த ரொட்டி வழங்கும் வழக்கம் உண்டு. பல இடங்களில் உருண்டையான இனிப்புப் பன்னே அந்த ரொட்டியின் இடத்தை ஏற்றிருக்கிறது. நேர்ச்சை செலுத்துவோர் மிகுந்திருக்கும் நாளில், ஒரு குடும்பத்திலிருந்து ஐவர் கோவிலுக்குச் சென்றால் ஐந்து பன்கள் இல்லம் வந்து சேர்கின்றன. இரண்டை அன்றிரவே பிள்ளைகள் தின்றுவிடுவர். எஞ்சிய மூன்றும் அடுக்களையில் கிடந்து வியாழனன்று விறைத்துப் போகின்றன. மந்திரித்ததாயிற்றே, எறிய மனம் வராது. விறைத்ததாயிற்றே, உண்ணவும் மனம் வராது. இந்த இக்கட்டுக்கு ஓர் இனிய வழி உண்டு.

அதற்குமுன் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மந்திரித்த ரொட்டி நற்கருணை அன்று. திருச்சபையின் ஆசி பெற்ற உணவு. உண்பதற்காகவே அது தரப்படுகிறது. அதனைப் பாலில் தோய்த்து வறுத்து உண்பதும் உண்பதே ஆகும். வணக்கக் குறைவு அதில் இல்லை. மேடையில் கேட்பாரற்றுக் கிடந்து எறும்பு மொய்க்க விடுவதில்தான் வணக்கக் குறைவு இருக்கிறது.

இந்த ரொட்டியின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது நன்று. பதுவைப் பதியரான அந்தோணியார் 1231ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட ஜூன் 17 ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்குச் செவ்வாய் உரியதாயிற்று. பதுவையில் அவருடைய பேராலயம் எழும்பிய காலத்தில் நீரில் மூழ்கிய ஒரு குழந்தையின் தாய், பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்கு எடை கோதுமையை ஏழைகளுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார் என்றும், பிள்ளை பிழைத்தது என்றும் மரபு சொல்கிறது. பின்னர் 1890இல் பிரான்சு நாட்டின் தூலோன் நகரில், கடையின் பூட்டுத் திறவாமல் தவித்த ஒரு கடைக்காரப் பெண்மணி ஏழைகளுக்கு ரொட்டி தருவதாக அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டார். பூட்டுத் திறந்தது. அங்கிருந்து அந்தோணியார் ரொட்டி என்னும் பக்தி முயற்சி புதிய வேகத்தோடு பல நாடுகளுக்கும் பரவிற்று.

இரு கதைகளிலும் ரொட்டி ஏழைக்கே நேரப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம்முடைய கோவில் வாயிலிலோ, ஒரே மூதாட்டியின் மடியில் ஒரே மாலையில் பத்துப் பன்கள் விழுவதைக் காண்கிறோம். பத்தையும் அவர் எவ்வாறு உண்பார்? மறுபுறம், நம் வீட்டில் மூன்றாம் நாள் வரை கிடந்த பன்னை வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தருமம் செய்ததாக மன நிறைவு கொள்வோரும் நம்மிடையே உள்ளனர். இது முறையன்று. புதிய ரொட்டி இல்லாதவருக்கு உரியது. பழைய ரொட்டி நமக்கு உரியது. பழையதை இன்சுவைப் பண்டமாக மாற்றிக்கொள்ளப் பாலும் முட்டையும் அடுப்பும் நம்மிடம் இருக்கின்றன. வாயிலில் அமர்ந்திருப்பவரிடம் அவை இல்லை.

ஐயாயிரம் பேர் வாற்கோதுமை அப்பங்களை உண்டு நிறைவடைந்தபின், எஞ்சியவற்றைச் சேர்த்து வைக்குமாறு ஆண்டவரே சீடர்களைப் பணித்ததை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பங்களைக் கொண்டு அத்தனை பேரைப் பசியாற்ற வல்லவருக்கு மீந்த துண்டுகள் எம்மாத்திரம்? எனினும் அவை வீணாவதை அவர் விரும்பவில்லை.

கிறிஸ்தவ நாடுகளின் இல்லத்தரசியர் இந்தப் பாடத்தை அடுக்களையில் நன்கு கற்றிருந்தனர். நாம் பிரெஞ்சு டோஸ்ட் என்றும் பம்பாய் டோஸ்ட் என்றும் அழைக்கும் பண்டத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘பேன் பெர்தூ’ என்பர். ‘இழந்த ரொட்டி’ என்பது அதன் பொருள். போயிற்று என்று கைவிடப்பட இருந்த ரொட்டி என்று கொள்க. ஜெர்மானியர் அதற்கு ‘ஏழை வீரர்’ என்று பெயரிட்டனர். ஸ்பெயினில் ‘தொரீஹா’ என்ற பெயரில், பாலில் ஊற வைத்து முட்டையில் தோய்த்து ஒலிவ எண்ணெயில் பொரித்து, தேனோ சர்க்கரையோ சேர்த்து உண்பர். தவக்காலமும் புனித வாரமும் அங்கே இதற்குரிய பருவம். போர்த்துக்கல்லில் ‘ரபனாடா’ என்னும் பெயரில் இதுவே கிறிஸ்து பிறப்புக் காலப் பலகாரம்.

தவக்காலத்தில் பாலும் முட்டையுமா என்று முதியோர் வினவக்கூடும். பழைய ஒறுத்தல் விதிகள் இறைச்சியோடு அவற்றையும் விலக்கியிருந்தன என்பது உண்மையே. ஸ்பெயின் மக்களுக்குத் திருத்தந்தையரின் தனிச் சலுகை கிடைத்திருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, சுத்தபோசன நாளில் இறைச்சி மட்டுமே விலக்கு, முட்டையும் பாலும் விலக்கல்ல என்று எல்லாருக்குமே தெளிவாக்கிவிட்டது. ஆயினும் பெரிய வெள்ளியன்று நெய்மணம் கமழ இதனைச் செய்வதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கோவிலில் ஊற்றும் கஞ்சியே அந்நாளுக்கு அழகு.

இவற்றிற்கெல்லாம் மூத்த குறிப்பொன்றும் உண்டு. அப்பீசியுஸ் என்பவர் பெயரால் வழங்கும் பண்டை உரோமச் சமையல் நூல், மேல்தோல் நீக்கிய கோதுமை ரொட்டியைப் பெரிய கவளங்களாகப் பிய்த்து, பாலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, தேன் வார்க்கச் சொல்கிறது. முட்டையைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. கவளம் என்ற அந்த அளவு இனிப்புப் பன்னுக்கு மிகவும் பொருந்துவது. முழுப் பன்னைத் தோய்த்தால் வெளிப்புறம் கருகும்வரை உட்புறம் வேகாது. சிறு துண்டாயின் எல்லாப் பக்கமும் சிவந்து உள்ளும் வெந்துவிடும். பிள்ளைகளும் கையைப் பிசுக்காக்காமல் ஒவ்வொன்றாக வாயிலிட்டுக்கொள்வர்.

நான்கு பன்களுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, வறுக்க மூன்று தேக்கரண்டி நெய் போதும். சர்க்கரை வேண்டா. பன்னிலேயே இனிப்பு இருக்கிறது. மேலும் சேர்த்தால் கல்லில் இட்டவுடன் கருகும். காய்ச்சிய பாலை நன்கு ஆறவிடுக. சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். முட்டையை வெண்கருவும் மஞ்சட்கருவும் ஒன்றாகும்வரை அடித்து, பாலையும் ஏலப்பொடியையும் உப்பையும் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்க. ஒவ்வொரு பன்னையும் நான்காக வெட்டினால் பதினாறு துண்டுகள் கிடைக்கும். பழப்பாகு நிறத்துண்டுகள் பதித்த பன்னாயின் மேலே தெரிபவற்றைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அவையே முதலில் கருகுபவை. கிரீம் அடைத்த பன் இதற்கு உதவாது.

முதல்நாள் பன்னைவிட இரண்டாம் நாள் பன்னே சிறந்தது என்பதுதான் இதில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ரொட்டி விறைப்பது ஈரம் உலர்வதால் மட்டுமன்று; வெந்தபோது இளகிய மாவுச்சத்து ஆறியபின் மீண்டும் இறுகுவதாலும் ஆகும். இறுகிய பன் பாலை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். புதிய பன்னோ கூழாகிவிடும். புதியதையே பயன்படுத்த நேர்ந்தால், வெட்டிய துண்டுகளை எண்ணெயிடாத தோசைக்கல்லில் சற்று வாட்டிக்கொள்ளலாம்.

துண்டுகளை நான்கைந்தாக எடுத்து, ஒரு புறத்திற்குப் பத்து நொடி வீதம் தோய்த்து, சொட்டும் பாலை வடியவிட்டு, நெய் தடவிய கல்லில் இடைவெளிவிட்டு அடுக்குக. எல்லாவற்றையும் ஒருசேரத் தட்டில் ஊறவிடுவது கூடாது. தீ சிறிதாக எரியட்டும். இதில் அவசரம் காட்டுவோரே பெரும்பாலும் தோற்பவர். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பொன்னிறமானதும், ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் கசியுமாயின் முட்டை இன்னும் வேகவில்லை என்று அறிக. சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வேகாத முட்டை தீங்கு தரும்.

விறைத்த பன் வேறு, பூசணம் பூத்த பன் வேறு. மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூசணம் தோன்றக்கூடும். அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிகுதியைப் பயன்படுத்துவது நம் தாய்மாரிடையே உள்ள பழக்கம். அதனை விட்டுவிட வேண்டும். பூசணத்தின் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். மந்திரித்த ரொட்டி அவ்வாறு கெட்டுவிட்டால் குப்பையில் எறியாமல், தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள். மந்திரித்த பொருள்களைப் புதைப்பதோ எரிப்பதோ திருச்சபையின் பழைய மரபு.

கல்லிலிருந்து எடுத்த துண்டுகளின்மேல் பொடித்த பனங்கற்கண்டை இலேசாகத் தூவலாம். தேன் இருப்பின் இரண்டு சொட்டு. ஆறினால் தொய்ந்துவிடும் என்பதால் மாலைக் காப்பியோடு சுடச்சுடப் பரிமாறுவதே நலம். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டமாதலின் இரவு முழுவதும் வெளியில் வைத்திருத்தல் ஆகாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த எச்சரிக்கைக்குத் தேவை எழுமா என்பது ஐயமே. பதினாறும் தீரக் கால் மணிநேரம் ஆகாது.