காதுக்கு ஒரு கலாசாலை

"பையன் என்ன படிக்கிறான்?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், டாக்டர் படிப்பு என்றோ கம்ப்யூட்டர் படிப்பு என்றோ பதில் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பாயசத்தைக் கவனிக்கலாம். "ஒலிப்பதிவுப் படிப்பு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் ஒரு கணம் விழிப்பார். பிறகு, பந்தலின் மூலையில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே அமர்ந்து, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக் கொண்டிருக்கும் மனிதரை ஜாடையாகப் பார்ப்பார். "இதற்குக் கூடவா காலேஜ்?" என்ற கேள்வி அவர் வாயில் வராவிட்டாலும் முகத்தில் வந்துவிடும்.

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பௌதிகம் கற்பிப்பது என் தொழில். வருஷந்தோறும் பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும், ஒலி சம்பந்தமான படிப்பில் சேர வேண்டுமென்ற ஆசையுடன் ஓரிரு மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் போன அரைமணிக்குள் அவர்களுடைய பெற்றோர் வருகிறார்கள். "ஸார், நீங்கள்தான் அவன் மனத்தை மாற்ற வேண்டும்" என்கிறார்கள். மனத்தை மாற்ற வேண்டியது பையனுக்கா, பெற்றோருக்கா என்பதுதான் எனக்குச் சந்தேகம். அவர்களிடம் சொல்லும் விஷயங்களை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதற்குக் காலேஜ் வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர், மேனாட்டு சங்கீத உலகில் பெரும் பெயர் பெற்ற ஷோன்பர்க் என்னும் சாகித்திய கர்த்தா. 1946-ல் அவர் சிகாகோ சர்வகலாசாலையின் தலைவர் ஹட்சின்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒலியைப் பதிவு செய்கிறவர்களுக்குச் சங்கீதம், ஒலியியல், பௌதிகம், இயந்திர நுட்பம் ஆகிய எல்லாவற்றிலும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். 1949-ல் ஜெர்மனியில் டெட்மோல்ட் என்ற ஊரின் சங்கீதக் கலாசாலையில், எரிக் தீன்ஹவுஸ் என்பவர் அத்தகைய படிப்பை ஏற்படுத்தினார். அதில் தேறியவருக்கு 'டோன்மைஸ்டர்' என்று பட்டம். 'ஒலி ஆசான்' என்று தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தில் சர்ரே சர்வகலாசாலை 1970-ல் இதே பெயருடன் பட்டப் படிப்பைத் தொடங்கியது.

நம்மவர் இதில் பின்தங்கி இருந்ததாக எண்ண வேண்டாம். சென்னையில் மத்திய பாலிடெக்னிக்கின் ஓர் அங்கமாகச் சினிமாத் தொழில்நுட்பப் பிரிவு தோன்றிய ஆண்டு 1945. டெட்மோல்டுக்கு நான்கு வருஷம் முந்தியது! அதன் வழிவந்ததுதான் தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி. அங்கே ஒலிப்பதிவு இன்று நான்கு வருஷப் பட்டப் படிப்பு. புனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோவின் கட்டடங்களில் 1960-ல் தோன்றிய கல்லூரியிலும், கல்கத்தாவில் 1995-ல் தோன்றிய சத்யஜித் ராய் பெயர் கொண்ட கல்லூரியிலும், பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு படிக்கலாம். 2009-ல் ஒலிக் கலவைக்காக ஆஸ்கார் பரிசு பெற்ற ரசூல் பூக்குட்டி புனாவில் படித்தவர்.

சரி, அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? முதலில், அறையைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1895-ல் அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். அதிலுள்ள பிரசங்க மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல்லை உச்சரித்தால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசி விடுகிறார். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாய் விழுந்து கஞ்சியாகி விடும். இதைச் சரி செய்யும் பொறுப்பு வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரின் தலையில் விழுந்தது. அவர் கையில் ஓர் ஆர்கன் குழல், ஒரு கடிகாரம், இரண்டு காதுகள். வேறு கருவி ஒன்றும் பெரிதாக இல்லை. ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து நாடக மண்டபத்திலிருந்து ஆசன மெத்தைகளை ஆட்களைக் கொண்டு தூக்கி வரச் செய்வார். சில மெத்தைகளைப் பரப்புவார். குழலை ஊதி நிறுத்துவார். ஒலி அடங்கும் நேரத்தைக் குறிப்பார். இன்னும் சில மெத்தைகள்; மறுபடி ஊதுவார். விடிவதற்குள் எல்லா மெத்தைகளும் தத்தம் ஆசனங்களுக்குத் திரும்பியாக வேண்டும். இப்படிப் பல இரவுகள் கண் விழித்து அவர் கண்டுபிடித்த கணக்கு வெகு எளியது. மண்டபத்தின் கன அளவு பெருகப் பெருக ஒலி நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் பொருள்கள் பெருகப் பெருக நீட்சி குறையும். இந்தக் கணக்கைக் கொண்டு கட்டிய பாஸ்டன் நகர சங்கீத மண்டபம் 1900-ல் திறக்கப்பட்டது; உலகின் தலைசிறந்த மண்டபங்களுள் ஒன்றென்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

நம் கல்யாண மண்டபங்களுக்குள் இனி நுழையும்போது ஸபைனை ஒரு தரம் நினைத்துக் கொள்ளுங்கள். பளபளக்கும் தரை, கண்ணாடிச் சுவர், வெறுங்கூரை; ஒலியை உறிஞ்ச அங்கே இருப்பது விருந்தாளிகளின் பட்டும் வேஷ்டியும் தவிர வேறில்லை. வித்வான் பாடுவது புரியவில்லை என்று மைக்காரரை ஏசுகிறோம். அவர் சத்தத்தைக் கூட்டுகிறார். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கர் வழியே வெளிவந்து ஊளையிடுகிறது. அவரை ஏசிப் பயனென்ன? கட்டடம் கட்டும்போது ஒலியியல் படித்தவர் ஒருவரை யோசனை கேட்டிருக்க வேண்டும்.

அறையைப் படித்தாயிற்று. அடுத்தது காது. நல்ல கலாசாலையில் மாணவனை உட்கார வைத்து, மழை இரைவது போன்ற ஓர் ஒலியைக் கேட்கச் செய்கிறார்கள். ஆசிரியர் அதில் ஏதோ ஓரிடத்தை மட்டும் சற்றே உயர்த்துவார். உயர்ந்தது 250 அதிர்வுப் பக்கமா, 1,000 பக்கமா, 4,000 பக்கமா? கண்ணால் திரையைப் பார்க்காமல் மாணவன் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தினமும் செய்து வந்தால் சில மாதங்களில் காது திறக்கும். பாட்டு வாத்தியாரிடம் சரளி வரிசை படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

கணக்கும் உண்டு. ஒலித் தகட்டில் வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறார்களே, ஏன் அத்தனை? மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். எந்த அதிர்வையும் பிடிக்க வேண்டுமானால் அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். குறைந்தால், சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுகிறதே, அது போன்ற பொய்யொலிகள் புகுந்துவிடும். லாகரிதம் எதற்கு உதவும் என்று வகுப்பில் கேட்கும் பையன்களுக்கு டெசிபெல் ஒன்றே போதிய பதில்.

இத்தனையும் மேனாட்டுப் புஸ்தகங்களில் இருக்கிறது. நம் நாட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு.

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்குப் பாடினார். பதிவு செய்தவர் கடல் கடந்து வந்தவர். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்குள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, பாட்டின் முடிவில் அந்த அம்மாள் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். மணிக்கணக்கில் விரியும் ராகம் அந்த மூன்று நிமிஷச் சிமிழுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. கருவி அந்நியருடையது, ஆகவே கருவிக்கேற்பப் பாட்டுத்தான் வளைந்து கொடுத்தது.

இன்றைக்கு இசைத்தட்டு போய்விட்டது, வளைப்பது போகவில்லை. 1997-ல் ஆன்டி ஹில்டிபிராண்ட் என்பவர் 'ஆட்டோட்யூன்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பூமிக்குள் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒலி அலையால் துருவி அறியும் கணித முறையில் கைதேர்ந்தவர் அவர். பாடகர் சுருதி பிசகினால் பக்கத்திலுள்ள சரியான ஸ்வரத்துக்கு அந்த மென்பொருள் இழுத்துவிடும். எது சரியான ஸ்வரம்? மேனாட்டு பியானோவின் பன்னிரண்டு கட்டைகளே அதற்கு இயல்பான அளவுகோல். அதன் முன் தோடியின் காந்தாரத்தை வைத்தால் என்ன ஆகும்? அசைந்து அசைந்து நிற்கும் அந்தக் கமகம் அதற்குப் பிழையாகத் தோன்றும். இஸ்திரி போட்டு நீவிவிடும். எந்த இடத்தில் மென்பொருளைக் கை கட்டி நிற்கச் சொல்ல வேண்டும் என்பது, தோடி தெரிந்தவனுக்கல்லவா தெரியும்?

தம்பூராவின் கதியும் அப்படியே. பதிவில் இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் பொதுவாக, மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று கருதுகின்றன. ஒரே சீராக ஒலிப்பது தம்பூராவின் தர்மம்! ஜீவாளி என்ற சிறு நூலைக் குதிரைமேல் செருகி, பெரியோர்கள் அரும்பாடுபட்டு வரவழைத்த அந்த ரீங்காரத்தை, விவரம் தெரியாத கை ஒரு பொத்தானை அழுத்தித் துடைத்துவிட முடியும். துடைத்ததே அதற்குத் தெரியாது.

இந்த வாத்தியங்களில் என்ன இருக்கிறது என்று பௌதிகக் கண்ணால் பார்த்தவர் நம்மவரே. திருச்சியில் பிறந்து சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்த ஸர் சி. வி. ராமன், நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1920-ல், மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். சாதாரணக் கொட்டுத் தோலில் எழும் மேலதிர்வுகள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆகையால் அதில் சத்தம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பியிருக்கும் கருஞ்சாந்து வட்டம் அந்த மேலதிர்வுகளை 1, 2, 3 என்ற முழு எண் விகிதத்தில் ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் மிருதங்கம் பாட்டோடு சேர்ந்து பேசுகிறது. டிரம்முக்கு மைக் வைக்கும் முறையை மட்டும் புஸ்தகத்தில் படித்தவன் மிருதங்கத்துக்கும் அப்படியே வைத்தால் பாதி மிருதங்கம்தான் பதிவாகும்.

இனி, பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி: சாப்பாட்டுக்கு வழி உண்டா? பொய் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் கிடைக்கும் இடங்கள் குறைவு. முதல் சில வருஷம் பெரியவர் ஒருவரின் கீழ், இரவு பகல் பாராமல், பெயர் வெளியே தெரியாமல் உழைக்க வேண்டும். சினிமா ஒன்றையே நம்பிப் போகிறவர்கள் அநேகமாய் ஏமாற்றம் அடைகிறார்கள். மண்டபங்களின் ஒலியமைப்பு, ரேடியோ, டெலிவிஷன், பழைய பதிவுகளைப் புதுப்பித்தல் என்று சினிமாவுக்கு வெளியே இருப்பதே பரந்த உலகம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பதிவு செய்த கச்சேரி நாடாக்கள் இருக்கலாம். சில வகை நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் காந்தப் பொடி உரிந்து வந்துவிடும். மிதமான சூட்டில் பக்குவப்படுத்தி ஓட்டத் தெரிந்தவர் நம் ஊரில் எத்தனை பேர்?

அரசாங்கக் கல்லூரிகளில் செலவு குறைவு, இடமும் குறைவு. தனியார் பள்ளிகள் சில, ஒரு வருஷத்துக்குள் வல்லவனாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகின்றன. அங்கே போகும் பெற்றோர் மின்னும் விளக்குகளையும் நீண்ட மேஜையையும் பார்த்து மயங்குவது வழக்கம். மேஜையை விடுங்கள். ஒலியியலை யார் கற்பிக்கிறார், சங்கீதம் தெரிந்த ஆசிரியர் உண்டா, ஒவ்வொரு மாணவனும் வாரத்தில் எத்தனை மணி தன்னந்தனியாகப் பதிவறையில் வேலை செய்யலாம் என்று கேளுங்கள். பதிலைத் தட்டிக் கழித்தால் பணத்துடன் வீட்டுக்குத் திரும்புவதே உத்தமம். பெண் குழந்தைக்கு இது ஏற்குமா என்று கேட்பவர்களும் உண்டு. நீண்ட கழியில் மைக்கைத் தூக்கிப் பிடிக்கத் தோள்வலி பொறுக்க வேண்டும். அது தவிர வேண்டுவது காதும் பொறுமையுமே. என் வகுப்புகளில் இவ்விரண்டும் யாரிடம் அதிகம் என்று கேட்டால், பையன்கள் கோபித்துக் கொள்வார்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் செவி வைத்தியரிடம் அழைத்துப் போய்க் கேள்திறனைச் சோதித்துவிடுங்கள். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தார் வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி. உட்செவியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒரு முறை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வருங்கால ஒலி ஆசான் ஹெட்போனை மாட்டிக் கொண்டே தூங்குகிறாரா என்று இன்றிரவே எட்டிப் பார்த்து விடுங்கள்.