எழுதிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான்



கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றால் புரோகிராம் எழுதும் வேலை ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அந்தக் கம்பெனிகளிலேயே புரோகிராம் எழுதாமல், வாக்கியம் எழுதிச் சம்பளம் வாங்குவோரும் இருக்கிறார்கள். 'டெக்னிக்கல் ரைட்டர்', 'கன்டென்ட் ரைட்டர்', 'கம்யூனிட்டி மேனேஜர்' என்று இவர்களுக்குப் பல பெயர்கள். நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலரும் கோவையிலும் சென்னையிலும் இவ்வேலைக்குப் போகிறார்கள். "ஏனுங்கண்ணா, பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டால், "என்னமோ கம்ப்யூட்டர்ல எழுதறாளுங்க" என்று தயங்கித்தான் பதில் வருகிறது. தயங்க வேண்டிய வேலை அல்ல இது. நம் வியாபாரத்துக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுக்கும்போது 'டெக் பேக்' என்று ஒரு கத்தை தாள் அனுப்புகிறார். துணி எத்தனை ஜி.எஸ்.எம்., மார்பளவு எத்தனை சென்டிமீட்டர், அதில் எவ்வளவு கூடுதல் குறைவு பொறுத்துக் கொள்ளப்படும், கழுத்து ரிப் எவ்வளவு அகலம், லேபிள் எந்த இடத்தில், பாலி பேக்கில் எப்படி மடிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியவர் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே பார்த்திராதவராக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு வரி இரண்டு பொருள் படும்படி அமைந்துவிட்டால், கட்டிங்கில் தொடங்கி செக்கிங் வரை அத்தனை பேரும் தப்பாகச் செய்வார்கள். சரக்கு முழுவதும் ரிஜெக்ட் ஆகும். டெக்னிக்கல் ரைட்டர் வேலையும் இதே ஜாதிதான். பனியனுக்குப் பதில் பில்லிங் சாப்ட்வேர், மோட்டார், மருந்துக் கருவி என்று பொருள் மாறுகிறது. செய்தவனுக்குத் தெரிந்ததைச் செய்யாதவனுக்குப் புரியும்படி எழுத வேண்டும். படிப்பவன் அதை வைத்துக் காரியத்தை முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2022 ஜூலை 18 முதல் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது நினைவிருக்கும். அதுவரை பதிவு செய்த பிராண்டு பெயர் என்பதே அளவுகோலாக இருந்தது. அன்று முதல் 'முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய சரக்கு' என்று அளவுகோல் மாறியது. இந்தச் சில சொற்கள்தான் நம்மை ஆட்டி வைத்தன. சாக்கைப் பிரித்துத் தராசில் நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கு வரியா? 50 கிலோ மூட்டைக்கு வரியா? பத்துக் கிலோ பை பத்தை ஒரே பெரிய பைக்குள் போட்டு விற்றால் அதற்கு என்ன?

சட்டத்தின் வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் இதற்கெல்லாம் நேரடிப் பதில் கிடைக்காது. மத்திய நிதி அமைச்சகம் அப்போது கேள்வி-பதிலாக ஒரு விளக்கம் வெளியிட்டது. 25 கிலோவுக்கு மேற்பட்ட ஒரே மூட்டையானால் வரி இல்லை. உள்ளே சில்லறை விற்பனைக்கான பத்துக் கிலோ பைகள் இருந்தால், வெளிப் பையின் எடை எவ்வளவு ஆனாலும் வரி உண்டு. பையாக வாங்கிய 25 கிலோவைக் கடைக்காரர் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அந்த விற்பனைக்கு வரி இல்லை. இவ்வளவுதான். தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை புதிதாக முளைத்ததன் கதையும் இதுவே. ஒரு கிலோ கூடுதலாகப் போட்டால் எல்லைக்கு வெளியே போய்விடலாம் என்பது அந்த விளக்கத்தைப் படித்தவருக்கு உடனே புரிந்தது. படிக்காதவர் பல வாரங்கள் வரி கட்டுவதா வேண்டாமா என்று ஆடிட்டரையும் பக்கத்துக் கடைக்காரரையும் கேட்டுக் கொண்டிருந்தார்.

அந்த விளக்கத்தைக் கேள்வி-பதிலாக அமைத்த யாரோ ஒருவர் டெக்னிக்கல் ரைட்டர் வேலையைத்தான் செய்திருக்கிறார். கடைக்காரன் என்ன கேட்பான் என்று முதலில் நினைத்துப் பார்த்து, அந்த வரிசையில் பதில் எழுதியிருக்கிறார். ஆனால் நமக்கு அது ஆங்கிலத்தில் வந்தது. இந்தக் குறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கன்டென்ட் ரைட்டர் என்பவர் கம்பெனியின் இணையப் பக்கங்களுக்கு எழுதுபவர். விளம்பரமும் விவரமும் கலந்த எழுத்து. நல்லதும் உண்டு, வெறும் பதரும் உண்டு; பதர்தான் அதிகம் என்பது என் எண்ணம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதான கம்யூனிட்டி மேனேஜர் வேலை வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. ஒரு பொருளை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஓரிடத்தில் கூடிப் பேசுகிறார்கள். சந்தேகம் கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். சண்டையும் போடுகிறார்கள். அந்த இடத்தைக் கட்டிக் காப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நம் சங்கச் செயலாளர் பொதுக்குழுவில் படும் பாட்டைத் தினமும் படுபவர் என்று சொன்னால் சுலபமாகப் புரியும்.

இதன் பலத்துக்கு நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே உள்ளது. திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது அவருடைய டி.வி. வழியில் உடைந்து போயிற்று. இன்சூரன்ஸ் பணம் கேட்டு அலைந்தும் பயனில்லை. கடைசியில், வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் கூடிப் பேசும் ஓர் இணைய மன்றத்தில் நடந்ததை எழுதினார். சரக்கு அனுப்பிய கம்பெனியின் தலைவரே அங்கு வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்து சேர்ந்தது. தனியாக எழுதிய கடிதங்கள் சாதிக்காததைப் பலர் பார்க்க எழுதிய ஒரு குறிப்பு சாதித்தது. இந்த அனுபவமும் ஒரு தூண்டுதலாக, வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கும் சாப்ட்வேர் செய்யும் கம்பெனியை 2010-இல் சென்னையில் தொடங்கினார். பிரெஷ்வொர்க்ஸ் என்ற அக்கம்பெனி 2021-இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. குறை சொல்லும் வாடிக்கையாளரை விரட்டாமல் உட்கார வைத்துப் பேசுவது நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் என்றும் நடப்பதுதானே.

இனி தமிழுக்கு வருவோம். தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதுவது புதிதன்று. நம் பக்கத்துக் கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழ் பல்லாண்டுகள் வந்தது. கலைச்சொல் அகராதிகளையும் அவர்கள் அச்சிட்டார்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்ட சுஜாதா, ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். எந்தக் கேள்வியையும் அவர் அற்பமென்று ஒதுக்கியதில்லை. 1990-களில் 'தமிழ் கம்ப்யூட்டர்' பத்திரிகையும், பின்னர் தினமலரின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் மவுஸ் பிடிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு வாத்தியாராக இருந்தன.

அதன் பிறகு வேலையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற பணியைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைப் பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் பகிர்ந்துகொண்டு டைப் செய்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும், கட்டடக் கலைஞராக அரபு நாட்டில் பணி செய்தவருமான மயூரநாதன் தொடக்க காலத்திலேயே சேர்ந்து, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. 2012-இல் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறது. அதில் நித்யா துரைசாமி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதிய பாடங்களைக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

விக்கிப்பீடியா நடக்கும் விதத்தை வியாபாரிகள் ஒரு முறை பார்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இப்படி இருந்தால் குட்டிச்சுவராகிவிடாதா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்தோடு பதிவாகிறது; விஷமம் செய்தால் பழைய நிலைக்கு உடனே திருப்பி விடலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. இலங்கை வழக்கில் எழுதுவதா, தமிழக வழக்கில் எழுதுவதா என்பது போன்ற தகராறுகளை அங்கே பேசித் தீர்க்கிறார்கள். நிர்வாகிகளைப் பயனர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாள்வழியும் பேரேடும் ஒழுங்காக இருக்கும் கடையில் ஆள் மாறினாலும் கணக்கு மாறாது அல்லவா, அதுபோல.

இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் கூலி இல்லாமல் உழைத்தவர்கள். சென்னையிலும் தென்காசியிலும் இயங்கும் ஸோஹோ போன்ற கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் உலகெங்கும் இருப்பதால், அங்கே விளக்கம் எழுதும் வேலைக்கு ஆங்கிலமே முதன்மை, சம்பளமும் அதற்குத்தான். தமிழில் எழுதுபவருக்குக் கைதட்டல் மட்டும் கிடைக்கிறது. இதனால் நஷ்டம் யாருக்கு என்றால் நமக்குத்தான். 2016-இல் யு.பி.ஐ. வந்தது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, 2018-இல் இ-வே பில் வந்தது. ஒவ்வொன்றையும் நம் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டும், தவறு செய்தும், அபராதம் கட்டியும்தான் கற்றுக் கொண்டார்கள்.

இயந்திரமே மொழிபெயர்த்துவிடாதா என்று கேட்கலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இக்கேள்வி இத்தொழிலையே உலுக்கிக் கொண்டிருக்கிறது. 1953 முதல் அமெரிக்காவில் இயங்கிய டெக்னிக்கல் ரைட்டர்களின் சங்கம் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. பிள்ளையை இவ்வேலைக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும். வெறுமனே பக்கம் நிரப்பும் எழுத்துக்கு இனி விலை இல்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. புரோகிராம் எழுதுவோர் கேள்வி-பதில் பரிமாறிக் கொள்ளும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் தளம், சாட்ஜிபிடி எழுதிய பதில்களைப் போடக் கூடாதென்று 2022 டிசம்பரிலேயே தடை விதித்தது. பார்வைக்குச் சரியாக இருந்து உள்ளே தப்பான பதில்கள் குவிந்ததே காரணம். ஆக, எழுதியதைச் செய்து பார்த்து, இது சரி என்று கையெழுத்துப் போடும் ஆளுக்குத் தேவை குறையவில்லை.

தமிழில் இந்தத் தேவை இன்னும் அதிகம். 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்புவதும் ரிட்டர்ன்தான், மாதாமாதம் வரித் துறைக்குத் தாக்கல் செய்வதும் ரிட்டர்ன்தான். இரண்டையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொன்னால் கணக்குப் பிள்ளைக்கு விளங்கும் என்பது கடையில் நின்று பார்த்தவருக்கே தெரியும். அந்த வகையில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் தகுதி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். ஓரளவு ஆங்கிலமும், பிழையில்லாத தமிழும், எதையும் தானே செய்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும். எந்தப் பட்டம் என்பது இரண்டாம் பட்சம். வேலை கேட்டுப் போகும்போது, தான் எழுதிய நாலைந்து விளக்கங்களைக் கையோடு கொண்டு போக வேண்டும். சாம்பிள் பீஸ் இல்லாமல் எந்த பையரும் ஆர்டர் தருவதில்லை.

அந்தச் சாம்பிளுக்குத் தேவையான விஷயம் நம்மிடமே குவிந்து கிடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை, நெய் முதலியவற்றின் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. குளியல் சோப்புக்கும் குறைந்தது. ஆனால் கட்டியாக உள்ள சோப்புக்கு மட்டும். பம்ப் வைத்த பாட்டிலில் வரும் கை கழுவும் திரவத்துக்கு 18 சதவீதம் அப்படியே நின்றது. 'சோப்பு 5 சதவீதம்' என்று கேள்விப்பட்டு இரண்டையும் ஒரே விகிதத்தில் பில்லிங் மெஷினில் ஏற்றியவர்கள் எத்தனை பேர்! இப்படி ஒரு மாற்றம் வரும்போது அரைப் பக்கத் தமிழில், மளிகைக்கு வேண்டிய இருபது சரக்கை மட்டும் எடுத்து, பழைய விகிதம், புதிய விகிதம், எச்.எஸ்.என். எண், பில்லிங் மெஷினில் மாற்றும் வழி எல்லாம் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்துத் தரும் பிள்ளைக்கு நம் சங்கம் 1,000 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் யோசனை. 200 உறுப்பினர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 5 ரூபாய். அடுத்த செயற்குழுவில் இதை வைக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்கு முன் எழுதித் தெரிவிக்கலாம்.