கீசர் போட்டதும் கரண்ட் போகிறதா?

மழைக்காலம் தொடங்கியதும் எலக்ட்ரீஷியன்களுக்கு வழக்கமாக வரும் புகார் இது: "கீசர் சுவிட்சைப் போட்டா வீடு முழுக்கக் கரண்ட் போயிடுது." கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசராக இருக்கும். வந்தவர் ஐந்தே நிமிடத்தில் மெயின் போர்டில் எதையோ மாற்றிவிட்டு, இனி விழாது என்று சொல்லிப் போவதும் நடக்கிறது. அவர் எதை மாற்றினார் என்று கட்டாயம் கேளுங்கள்.

அதற்கு முன், விழுந்தது எது என்று பார்க்க வேண்டும். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் சர்க்யூட், அல்லது லோடு அதிகம். 'டெஸ்ட்' பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்கசிவு. ஆர்.சி.சி.பி.யைப் பலரும் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். பேஸில் போகும் கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று கண்காணிப்பதுதான் இதன் வேலை. வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். 2,000 வாட் கீசர் இழுப்பது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அதில் முந்நூறில் ஒரு பங்கு வழிதவறினால் போதும், இது பிடித்துவிடும்.

கசிவு பெரும்பாலும் காயிலில்தான். உலோகக் குழாய்க்குள் சூடாகும் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள்: காயில் என்பது இவ்வளவுதான். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓடாத கீசர் முதல் நாளே கரண்டைத் தட்டிவிடுவதற்கு இது ஒரு காரணம். போர் தண்ணீர் உப்பு படிந்து குழாயில் விரிசல் விழுந்தால் தண்ணீரே உள்ளே போய்விடும். சில கீசர்கள் சில நிமிடம் ஓடிய பிறகு டிரிப் ஆகும். சூட்டில் விரிசல் திறந்துகொள்வதன் அடையாளமாக அது இருக்கலாம். சாதாரண மல்டிமீட்டரில் இது பல சமயம் தெரியாது. 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு மெகா ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் காயிலை மாற்றுவதே நல்லது.

சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதும் டிரிப் ஆகிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. நம் வீட்டுச் சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் கீசரோடு இணைந்தே இருக்கிறது. காயிலின் நியூட்ரல் முனை பாடியைத் தொட்டால், வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது அந்தக் கரண்டில் கொஞ்சம் கீசர் வழியாக எர்த்துக்குப் போய்விடும். ஆகவே சோதிக்கும்போது மெயினை அணைத்து, கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி மெயினைப் போடுங்கள். ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றால் குற்றம் கீசரில். அப்போதும் விழுந்தால் வயரிங்கிலோ வேறு சாதனத்திலோ தேட வேண்டும். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது நியூட்ரலை. ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் பேஸை எடுத்து, பின்னால் உள்ள நியூட்ரலில் சேர்த்திருந்தால் கசிவே இல்லாமலும் அது விழும்.

பிளக் முனை பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அது தனிக் கோளாறு: லூஸ் கனெக்‌ஷன். அதை எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது, பிளாஸ்டிக் கருகும் வாசனைதான் எச்சரிக்கை. கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும், அதற்கேற்ற தடிமனுள்ள செம்பு வயரும் வேண்டும். 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டு ஓட்டவே கூடாது.

இனி, அந்த ஐந்து நிமிட ரிப்பேர். சிலர் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுகிறார்கள். வேறு சிலர் 100 மில்லி ஆம்பியருக்கு மாற்றுகிறார்கள். கரண்ட் போவது நிற்கும். கசிவு அப்படியே இருக்கும். மின்சாரம் பாயும் கை எந்த அளவில் கம்பியை விட முடியாமல் இறுகிவிடும் என்று அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அப்படியிருக்க, ஈரத்தரையில் வெறுங்காலோடு குளிக்கிறவருக்கு 100 மில்லி ஆம்பியர் சாதனம் என்ன காவல்? குழந்தைகள் குளிக்கும் வீட்டில் இந்த வேலையைச் செய்துவிட்டுக் கூலி வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எர்த் இல்லாத வீட்டில் மூன்றாவது பின்னை நியூட்ரலோடு இணைப்பதும் இதே ரகம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உலோகப் பாகங்கள் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். பிளாஸ்டிக் பைப்தானே என்று நம்ப முடியாது. உப்புத் தண்ணீரே கரண்டைக் கொண்டுவரும்.

'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் போகாவிட்டால் ஆர்.சி.சி.பி.யை மாற்ற வேண்டும். வாடகை வீட்டில் அது இல்லவே இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். குழாயைத் தொடும்போது லேசாகச் 'சுர்'ரென்றாலும், ஈரக்கையோடு பிளக்கைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.